வோல்ட் மீட்டர் முள் ஆடினால் ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிட வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் வாசகர் ஒருவர், தம் பிக்கப் வண்டியின் டேஷ்போர்டில் உள்ள வோல்ட் மீட்டர் ஓரிடத்தில் நிற்காமல் 13க்கும் 14.5க்கும் இடையே ஏறி இறங்குவதாகவும், வண்டி செல்ஃப் எடுப்பதில் இதுவரை தொல்லை எதுவும் இல்லை என்றும் எழுதிக் காரணம் கேட்டிருந்தார். ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தந்து பேட்டரியை நிரப்பும் கருவி) பழுதாகத் தொடங்கிவிட்டது, மாற்றிவிடுங்கள் என்று ஒரே வரியில் பதில் தரப்பட்டிருந்தது. அந்தப் பதில் தவறு என்று சொல்ல இதை எழுதவில்லை. அது சரியாகவே இருக்கலாம். ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமலேயே அது சொல்லப்பட்டிருக்கிறது. முள் ஆடும்போது அதனோடு சேர்ந்து வேறு எது மாறுகிறது என்பதே அந்தக் கேள்வி. விளக்குகளைப் போடும்போதா, இன்ஜின் வேகம் மாறும்போதா, குளிர்ந்த காலையிலா, நன்றாகச் சூடேறிய பிறகா, மேடு பள்ளத்தில் குலுங்கும்போதா, அல்லது எதனோடும் தொடர்பில்லாமல் தானாகவா? இந்த விடை தெரிந்தால் தேடவேண்டிய இடம் பாதிக்குமேல் சுருங்கிவிடும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் பெருமைக்குரியது அல்ல. வாகன மின்பணியில் நெடுங்காலம் கைவைத்தவன் நான். அப்படியிருந்தும் என் சொந்த பிக்கப் வண்டியில் முள் ஆடத் தொடங்கியபோது, பிறர் வண்டிக்குச் செய்யும் சோதனைகளை எல்லாம் விட்டுவிட்டு ஆல்டர்னேட்டரைத்தான் முதலில் கழற்றினேன். புதியதைப் பொருத்தி அன்று மாலையே ஓட்டிப் பார்த்தால், ஹெட்லைட்டையும் காற்று விசிறியையும் சேர்த்துப் போட்டவுடன் முள் முன்போலவே 14க்கு அருகிலிருந்து 13க்குச் சரிந்தது. இண்டிகேட்டர் போட்டால் அதன் ஒவ்வொரு துடிப்புக்கும் முள்ளும் சற்று நடுங்கியது. பிறகுதான் புத்தி வந்து, மின்னழுத்தம் அளக்கும் கைக்கருவியான மல்டிமீட்டரை எடுத்தேன். அதே நேரத்தில் பேட்டரி முனைகளில் 14.2 வோல்ட் அசையாமல் நின்றது. பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் வண்டியின் இரும்புச் சட்டமான சேஸிஸுக்கும் இடையே அளந்தபோது, பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய இடத்தில் 1.2 வோல்ட் காட்டியது. இன்ஜினையும் சேஸிஸையும் இணைக்கும் எர்த் பட்டையின் முனை வளையத்துக்குள் செம்பு இழைகள் பச்சை பூத்து அரித்துப் போயிருந்தன. ஆல்டர்னேட்டர் தன் வேலையைத் தொடக்கத்திலிருந்தே ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. அந்த மின்னழுத்தம் டேஷ்போர்டு வரை முழுமையாக வந்து சேரவில்லை என்பதுதான் குறை.

ஆல்டர்னேட்டரின் உள்ளே நடப்பதைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொண்டால், எந்த ஆட்டம் இயல்பு, எது இயல்பல்ல என்பது விளங்கும். சுழலும் ரோட்டாரின் கம்பிச் சுருளுக்கு இரண்டு கார்பன் பிரஷ்கள் வழியாகச் சிறிதளவு மின்னோட்டம் செல்கிறது. அதனால் உண்டாகும் காந்தப்புலம், சுற்றியுள்ள ஸ்டேட்டரின் மூன்று சுருள்களில் மாறுதிசை மின்சாரத்தை எழுப்புகிறது. அதை, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் குறைந்தது ஆறு டயோடுகள் நேர்த்திசை மின்சாரமாக்குகின்றன. ரோட்டாருக்குச் செல்லும் மின்னோட்டத்தை ரெகுலேட்டர் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை திறந்து மூடி, வெளிவரும் மின்னழுத்தத்தைக் குறித்த அளவில் நிறுத்துகிறது. அதாவது உள்ளே இடைவிடாமல் மாறிக்கொண்டிருப்பதால்தான் வெளியே நிலையாக இருக்கிறது. ஓடும் இன்ஜினில் பெரும்பாலும் 13.8 முதல் 14.5 வரை இருக்கும் இந்த அளவும் கல்லில் செதுக்கியது அன்று. குளிர்ந்த பேட்டரி மின்னேற்றத்தைச் சுணக்கமாகவே ஏற்கும் என்பதால், ரெகுலேட்டர்கள் குளிரில் சற்று உயர்த்தியும் வெப்பத்தில் சற்று தாழ்த்தியும் கொடுக்கும்படியே அமைக்கப்படுகின்றன. பல ரெகுலேட்டர்களில் இது செல்சியஸ் டிகிரிக்கு ஏறத்தாழ 10 மில்லிவோல்ட். 40 டிகிரி வித்தியாசத்துக்கு 0.4 வோல்ட். அதிகாலையில் 14.5 காட்டிய வண்டி நெடுந்தூரம் ஓடிய பின் 14.1 காட்டுவதில் வியக்க ஒன்றும் இல்லை.

அண்மைக் கால பிக்கப் வண்டிகளில் குழப்பம் இன்னும் கூடுகிறது. அவற்றில் பலவற்றில் மின்னழுத்தத்தை முடிவு செய்வது ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் ரெகுலேட்டர் மட்டும் அல்ல, இன்ஜின் கட்டுப்பாட்டுக் கணினியும்தான். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளில் பொருத்தப்பட்ட சென்சார் உள்ளே போகும் மின்னோட்டத்தையும் வெளியே வரும் மின்னோட்டத்தையும் எண்ணிக்கொண்டே இருக்கும். பேட்டரி நிறைந்திருந்தால் எரிபொருளை மிச்சப்படுத்தக் கணினி மின்னழுத்தத்தை 13 வோல்ட்டை ஒட்டி, சில வேளை அதற்கும் கீழே, இறக்கிவிடும். வேகம் குறைக்கும்போதோ, ஹெட்லைட் போட்டாலோ, இழுவைப் பணிக்கான நிலையைத் தேர்ந்தெடுத்தாலோ 14க்கு மேல் ஏற்றும். பேட்டரியின் தகடுகளில் படிந்த சல்பேட்டைக் கரைக்கவேண்டி 15ஐத் தாண்டுவதும் உண்டு. பழைய வண்டி ஓட்டிப் பழகியவருக்கு இது பழுதின் அடையாளமாகத்தான் தெரியும். வாசகரின் வண்டி இந்த வகையா என்பதை அறிய எளிய வழி ஒன்று இருக்கிறது: சமவெளியில் சீரான வேகத்தில் ஓடும்போது அளவு தாழ்ந்திருந்து, ஹெட்லைட்டைப் போட்டவுடன் குறைவதற்குப் பதிலாக உயர்ந்தால், ஆட்டுவிப்பது கணினி என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம்.

இந்த வகை வண்டிகளில் நம் கைகளாலேயே குறையை வரவழைத்துக்கொள்வதும் நடக்கிறது. பிக்கப் என்றாலே கூடுதல் விளக்கு, கம்பிவடத்தால் இழுக்கும் வின்ச், இன்வெர்ட்டர் என்று எதையாவது சேர்க்காமல் இருக்க நமக்கு மனம் வராது. அவற்றின் எர்த் வயரை, சென்சாரைத் தாண்டி நேராகப் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் முறுக்கிவிட்டால், அவை இழுக்கும் மின்னோட்டம் கணினியின் கணக்கில் வராமலேயே போகும். பேட்டரி நிறைந்திருக்கிறது என்று கணினி நம்பிக்கொண்டிருக்க, உண்மையில் அது குறைந்துகொண்டே வரும். இத்தகைய வண்டிகளில் கூடுதல் கருவிகளின் எர்த் இணைப்பு சேஸிஸில்தான் தரப்பட வேண்டும். பேட்டரி மாற்றிய பிறகு சில வண்டிகளில் அந்த விவரத்தைக் கணினிக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும். அதையும் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள்.

டீசல் பிக்கப் என்றால் இன்னும் இரண்டைக் கேட்டாக வேண்டும். குளிரில் இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகும் ஹீட்டர் பிளக்குகளோ, உள்ளே செல்லும் காற்றைச் சூடாக்கும் ஹீட்டரோ சில நிமிடங்கள் விட்டு விட்டு வேலை செய்யும். அது பல பத்து ஆம்பியர், பெரிய இன்ஜின்களில் நூறையும் தாண்டி இழுக்கும். ஒவ்வொரு முறை அது இயங்கும்போதும் முள் தாழும், ஹெட்லைட் மங்கும், நின்றவுடன் இரண்டும் பழைய நிலைக்கு வரும். இன்ஜின் சூடேறியதும் ஆட்டம் அடங்கிவிட்டால் அதைப் பழுது என்று கொள்ள வேண்டியதில்லை. இரண்டாவது, பெரிய டீசல் பிக்கப்களில் இணையாக இணைக்கப்பட்டிருக்கும் இரட்டைப் பேட்டரிகள். அவற்றில் ஒன்று கெட்டால் மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும். இரண்டையும் பிரித்துத் தனித்தனியே சோதித்தால் ஒழிய எது குற்றவாளி என்று தெரியாது.

டேஷ்போர்டு மீட்டரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது பேட்டரியை அளப்பதில்லை. சாவி சுவிட்ச், ஃபியூஸ், நான்கைந்து இணைப்பான்கள் ஆகியவற்றைக் கடந்து தன்னிடம் வந்து சேரும் மின்னழுத்தத்தையே அளக்கிறது. வழியில் ஏற்படும் இழப்பெல்லாம் அந்த முள்ளில் ஆட்டமாகத் தெரியும். மாறாக, சில வண்டிகளில் ஓட்டுநர் கவலைப்படக் கூடாது என்று நினைத்தோ என்னவோ, ஓரளவு ஏற்றத்தாழ்வு வரை முள்ளை நடுவிலேயே நிறுத்திவைக்கும்படி அமைத்துவிடுகிறார்கள். ஆகவே ஆடும் முள்ளையும் நம்பக் கூடாது, ஆடாத முள்ளையும் நம்பக் கூடாது. பேட்டரியின் இரு முனைகளில் மல்டிமீட்டரை வைத்து அளப்பதே முதல் படி. அங்கே நிலையாகவும் டேஷ்போர்டில் ஆட்டமாகவும் இருந்தால், ஆல்டர்னேட்டரைத் தொடவே தேவையில்லை. அந்த மல்டிமீட்டருக்குள் இருக்கும் சிறு பேட்டரியும் தீர்ந்துபோகும் நிலையில் இருக்கக் கூடாது. மலிவான மீட்டர்கள் பல, தம் பேட்டரி தளர்ந்தால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். 16 வோல்ட் என்று இப்படிக் காட்டிய மீட்டரை நம்பி நல்ல ரெகுலேட்டர் ஒன்று குப்பைக்குப் போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அடுத்து பேட்டரி. தளர்ந்த பேட்டரியோடு ஆல்டர்னேட்டரைச் சோதிப்பது வீண். வண்டி சில மணி நேரம் ஓய்ந்திருந்த பிறகு, ஹெட்லைட்டை ஓரிரு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்து அளந்தால், நல்ல நிலையில் முழுதும் நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் காட்டும். 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு மின்னேற்றம் இருப்பதாகக் கொள்ளலாம். 10.5ஐ ஒட்டிக் காட்டினால் ஆறு செல்களில் ஒன்று செத்துவிட்டது என்று ஐயுறலாம். ஓய்வு நிலை அளவு மட்டும் போதாது. பேட்டரியின் குளிர்நிலை ஸ்டார்ட்டிங் திறனாகக் குறிக்கப்பட்ட ஆம்பியரில் பாதியை 15 நொடி இழுக்கும் சோதனையில், சுமார் 21 டிகிரி செல்சியஸில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் அது தாக்குப்பிடிக்க வேண்டும்.

இனி நான் வழுக்கி விழுந்த இடத்துக்கு வருகிறேன். இணைப்புகளில் ஏற்படும் மின்னழுத்த இழப்பை அளக்கும் சோதனையைப் பெரும்பாலான ஒர்க்‌ஷாப்களில் செய்வதே இல்லை. ஓம் மீட்டரை வைத்துத் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேபிள் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டுகிறார்கள். ஓம் மீட்டர் அனுப்புவதோ மிகச் சிறிய மின்னோட்டம். நூறு இழைகளில் ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் அது பூஜ்யம் என்றே காட்டும். வெறும் 5 மில்லி ஓம் மின்தடை, 60 ஆம்பியர் பாயும்போது 0.3 வோல்ட்டை விழுங்கிவிடும். அதே இணைப்பின் வழியாகச் செல்ஃப் மோட்டார் 300 ஆம்பியர் இழுக்கும்போது 1.5 வோல்ட் போய்விடும். எனவே மின்சாரம் பாய்ந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். இன்ஜினை நிமிடத்துக்கு 1500 முதல் 2000 சுற்றில் நிறுத்தி, ஹெட்லைட், காற்று விசிறி, பின் கண்ணாடி ஹீட்டர் என்று எல்லாவற்றையும் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு கம்பி முனையை ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு போல்ட்டிலும் மற்றதைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் வைத்தால், 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே 0.2க்கு மேல் கூடாது. அப்படியே நெகட்டிவ் முனைக்கும் சேஸிஸுக்கும், சேஸிஸுக்கும் கேபினின் உடலுக்கும் இடையே பார்க்கலாம். மீட்டரின் கம்பி முனையைக் கேபிளின் கவ்வியில் வைக்காமல் பேட்டரியின் ஈய முனையிலேயே அழுத்தி வைப்பது முக்கியம். அந்த ஈயத்துக்கும் கவ்விக்கும் இடையேதான் பல வேளைகளில் குறை ஒளிந்திருக்கும். அளந்துகொண்டே கேபிள்களை ஒவ்வொன்றாக மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும் (சுழலும் பெல்ட்டிலிருந்தும் விசிறியிலிருந்தும் கையை விலக்கி வைத்துக்கொண்டு); எதை அசைக்கும்போது எண் துள்ளுகிறதோ அங்கே நின்றுவிடலாம்.

இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து ஆட்டம் மாறினால் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் மெதுவாக ஓடும்போது, ஆல்டர்னேட்டரால் அதன் முழுத் திறனையும் தர முடியாது; எல்லா மின்கருவிகளும் ஓடும்போது ஐடிலிங்கில் சற்றுத் தாழ்ந்து, ஆக்சிலரேட்டரைத் தொட்டவுடன் நிமிர்ந்தால் அது இயல்புதான். ஆனால் வேகத்தைக் கூட்டும்போது அளவு விழுவதோ, மின்சுமை கூடும்போது கீச்சிடுவதோ பெல்ட் வழுக்குவதன் அறிகுறி. இப்போதைய பெல்ட்டுகள் பழையவற்றைப் போல வெடித்துக் காட்டுவதில்லை. வரிப்பள்ளங்கள் தேய்ந்து ஆழமாகின்றன, அவ்வளவுதான். வெடிப்பு இல்லை என்பதால் பெல்ட் நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் கை நடுங்கிக்கொண்டிருந்தாலும், ஒருவழியாக மட்டும் சுழலும் புல்லி உள்ள ஆல்டர்னேட்டரில் அந்தப் புல்லி இறுகிப்போனாலோ வழுக்கினாலோ, இதே ஆட்டம்தான் வெளியே தெரியும்.

இவை அனைத்தும் சரி என்றால்தான் ஆல்டர்னேட்டரின் மேல் கண் போக வேண்டும். அப்போதும் கழற்றாமலே சொல்லக்கூடியவை நிறைய. மல்டிமீட்டரை மாறுதிசை மின்னழுத்த அளவுக்கு மாற்றி, மின்கருவிகளின் சுமையோடு பேட்டரி முனைகளில் அளந்தால், நல்ல ஆல்டர்னேட்டரில் 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருக்கும், 0.5ஐத் தாண்டினால் டயோடு போய்விட்டது என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். ஹெட்லைட் சன்னமாகத் துடிப்பதும், வானொலியில் இன்ஜின் வேகத்துக்கேற்பச் சுருதி மாறும் இரைச்சல் கேட்பதும், இரவு நிறுத்திய வண்டி காலையில் பேட்டரி இறங்கிக் கிடப்பதும் கெட்ட டயோடின் கூட்டாளிகள். குலுங்கும்போதோ, அரை மணி நேரம் ஓடிச் சூடேறிய பிறகோ மட்டும் அளவு திடீரென விழுந்து, சிறிது நேரத்தில் தானே மீண்டால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். பல மாடல்களில் பிரஷையும் ரெகுலேட்டரையும் மட்டும் மாற்றினாலே போதும். வேகம் கூடக் கூட மின்னழுத்தமும் 15, 16 என்று கட்டுக்கடங்காமல் ஏறினால் ரெகுலேட்டர் மேல் பழி போடத் தோன்றும். அதற்கு முன், பேட்டரியின் மின்னழுத்தத்தை ரெகுலேட்டருக்குத் தெரிவிக்கும் மெல்லிய வயர் உள்ள வண்டியாக இருந்தால் அதன் இணைப்பைப் பார்த்துவிட வேண்டும். அது அரித்திருந்தால் ரெகுலேட்டருக்கு உண்மையைவிடக் குறைவான அளவே போய்ச் சேரும். போதவில்லை என்று எண்ணி அது மேன்மேலும் ஏற்றிக்கொண்டே போகும்.

ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க, ஓடும் வண்டியில் பேட்டரிக் கேபிளைக் கழற்றி, இன்ஜின் நிற்காவிட்டால் நல்லது என்று தீர்ப்புச் சொல்லும் பழக்கம் இன்றும் மறையவில்லை. நேர்த்திசை மின்சாரம் தரும் டைனமோக்கள் இருந்த நாளின் எச்சம் இது. பலர் ஆல்டர்னேட்டரை இன்னும் டைனமோ என்றே அழைப்பதைப் போல. அமெரிக்காவில் கிறைஸ்லர் நிறுவனம் 1960இல் வேலியன்ட் கார்களில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தி விற்கத் தொடங்கி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. மின்னேற்றம் நடந்துகொண்டிருக்கும்போது பேட்டரியைத் துண்டித்தால், ரோட்டாரின் காந்தப்புலம் தணியும் வரை மின்னழுத்தம் ஒரு நொடியின் சிறு பகுதிக்குப் பல பத்து வோல்ட் வரை எகிறும். டயோடுகளும் ரெகுலேட்டரும் மட்டுமல்ல, கணினியே கருகக்கூடும். ஆடும் முள்ளுக்குக் காரணம் தேடப் போய் நகராத வண்டியோடு திரும்ப நேரிடும்.

தங்கள் வாகனப் பகுதிக்கு என் வேண்டுகோள் இரண்டு. இத்தகைய கேள்வி வரும்போது, எந்தப் பாகத்தை மாற்றுவது என்று சொல்வதற்கு முன், ஆட்டம் எப்போது நிகழ்கிறது என்று வாசகரிடம் திருப்பிக் கேளுங்கள். ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் வாசகர்களிடம், பழுதான பாகத்தின் பெயரை மட்டும் அல்லாமல் அளந்த எண்களையும் ரசீதில் எழுதித் தரும்படி கேட்கச் சொல்லுங்கள். ஓய்வு நிலையில் பேட்டரி அளவு, சுமையோடு ஐடிலிங்கிலும் 2000 சுற்றிலும் பேட்டரி முனையில் உள்ள அளவு, பாசிட்டிவ், நெகட்டிவ் பக்கங்களின் இழப்பு, மாறுதிசை மின்னழுத்தம் ஆகிய ஆறு எண்களும் கிடைத்த பிறகும் ஆல்டர்னேட்டரே குற்றவாளி என்று தெரிந்தால், தயங்காமல் மாற்றலாம். அப்போதும் பழைய கேபிளின் முனைகளைச் சுரண்டித் துலக்கி இறுக்கிய பின்பே புதியதைப் பொருத்த வேண்டும்.

கேள்வி கேட்டிருந்த அந்த வாசகர் இன்னும் ஆல்டர்னேட்டரை மாற்றாமல் இருந்தால், முதலில் ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்து, முள் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை மட்டுமாவது தங்களுக்கு எழுதட்டும். மற்றதை அங்கிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
பிக்கப் ஓட்டும் வாசகர் ஒருவர்